கார்பரேட்டர் என்ன பாவம் செய்தது?

பழைய கார் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இந்தக் கதை ஒன்று இருக்கும். வாசலில் ஸ்டார்ட் செய்தால் சமர்த்தாக ஓடும். ஐட்லிங்கில் குறையே சொல்ல முடியாது. தெருமுனை வரை போய் வந்தாலும் ஒன்றும் தெரியாது. நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு மேம்பாலம் ஏறினால் போதும், இழுவை குறைந்து, இரண்டு குலுக்கு குலுக்கி, நின்றுவிடும். மெக்கானிக்கிடம் கொண்டு போனால் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும்: “கார்பரேட்டர் போயிடுச்சு சார், மாத்திடலாம்.”

அந்தத் தீர்ப்பை எதிர்த்துத்தான் இதை எழுதுகிறேன். கார்பரேட்டர் நிரபராதி என்று நான் வாதாடவில்லை. விசாரணை நடத்தாமல் தண்டனை கொடுக்காதீர்கள் என்கிறேன். இந்த அநியாயத்தில் மெக்கானிக்குகளுக்கு மட்டுமல்ல, காரின் சொந்தக்காரர்களான நமக்கும் பங்கு உண்டு என்பதையும் சொல்லத்தான் போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என்னுடையது பிரீமியர் பத்மினி. 1089 சிசி, நாலு சிலிண்டர், ஸ்டியரிங் பக்கத்தில் கியர். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை எஃப்.சி. எடுத்து வைத்துக் காப்பாற்றி வருகிறேன். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் பேரனும் ஏற்காடு கிளம்பினோம். அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் வரை ஒரு முனகல் இல்லை. மலை ஏறத் தொடங்கியதும் மூச்சு வாங்கியது. ஏழாவது கொண்டை ஊசி வளைவில் நின்றேவிட்டது. ஹேண்ட் பிரேக் பழசு. வண்டி ஒரு முழம் பின்னால் நகர்ந்தது. பின்னால் பஸ் வந்துகொண்டிருந்தது. “என்னங்க, பிரேக்கை அமுத்துங்க!” என்று கத்திக்கொண்டே மனைவி இறங்கி ஓடி, சாலையோரக் கல்லைப் புரட்டிப் பின் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தாள். அவளுக்கு அறுபத்தெட்டு வயது. பேரன் அழவே இல்லை, அவ்வளவு பயந்திருந்தான்.

பத்து நிமிடம் கழித்து, ஒன்றுமே நடக்காதது போல வண்டி ஸ்டார்ட் ஆனது. திருப்பிக்கொண்டு இறங்கினோம்.

அந்தப் பத்து நிமிடத்திலேயே விடை இருந்தது. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? வளைவில் நின்றபடியே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து கார்பரேட்டர் ஸ்க்ரூவைத் திருகினேன். நம் தலைமுறை ஆண்களுக்கு இது ஒரு வியாதி. காருக்கு எது வந்தாலும் அந்த ஸ்க்ரூவைத் திருகுவோம். அது ஐட்லிங்குக்கான ஸ்க்ரூ. மலை ஏறும்போது பெட்ரோல் வருவது மெயின் ஜெட் வழியாக. ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகி மலையேற்றத்தைச் சரிசெய்வது, கால்வலிக்கு மூக்கில் மருந்து விடுவது மாதிரி.

பிறகு மூன்று இடங்களுக்குப் போனேன். முதல் இடத்தில் புது கார்பரேட்டர். சரியாகவில்லை. இரண்டாவது இடத்தில் காயில், கண்டன்சர், பிளக். அதற்கும் மசியவில்லை. மூன்றாவது இடத்தில் ஒரு இளைஞர் ஆக்சிலரேட்டரை நாலு முறை உறுமவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். “போர் தேஞ்சிடுச்சு சார். இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க. பழைய இரும்புக்குப் போட்டுடுங்க” என்றார். கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தாரா? இல்லை. மொத்தம் 11,000 ரூபாய் செலவு. மூன்று பேரில் ஒருவர்கூட எதையும் அளந்து பார்க்கவில்லை.

அன்று இரவு ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து யோசித்தேன். ஐட்லிங்கில் இன்ஜினுக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் பெட்ரோல்கூட வேண்டாம். முழு ஆக்சிலரேட்டரில் மலை ஏறும்போது அதைப்போலப் பல மடங்கு வேண்டும். வீட்டு மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய் பாதி அடைத்திருந்தால், ஒரு பைப்பைத் திறக்கும்போது தண்ணீர் வரும். மூன்றையும் திறந்தால்தான் அடைப்பு தெரியும். அதே கதைதான். கார்பரேட்டரில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கிறது, மிதவைக் கிண்ணம். வருவதைவிடச் செலவு அதிகமானால் அது மெல்ல வற்றும். வற்றியதும் இன்ஜின் நிற்கும். சும்மா விட்டால் வழியில் அடங்கி நின்ற பெட்ரோல் மறுபடி ஓடத் தொடங்கும். செல்ஃப் அடிக்க அடிக்கக் கிண்ணம் நிரம்பும், வண்டி கிளம்பும். பத்து நிமிடக் கணக்கு இப்போது புரிகிறதா?

ஆனால் சூட்டில் மக்கர் செய்யும் கண்டன்சரும் காயிலும்கூட ஆறியபின் இப்படித்தான் வேலை செய்யும். ஏற்றத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். பிளக்கில் பொறி பாய அதிக வோல்ட் வேண்டும். பலவீனமான பொறி சமதளத்தில் சமாளித்துவிட்டு ஏற்றத்தில் கைவிடும். அதனால் யூகித்துப் பயனில்லை. பிரித்துப் பார்க்க வேண்டும்.

எப்படி நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். ஸ்விட்சை அணைத்த மாதிரி பட்டென்று நின்றால் முதல் சந்தேகம் கரண்ட் பக்கம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சின்ன ஒயர் உள்ளே அறுந்திருந்தால்கூட இப்படி ஆகும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது வேக்யூம் குறைந்து உள்ளே இருக்கும் பிளேட் நகரும்; ஒயர் விட்டுப்போகும். மூச்சுத் திணறி, குலுங்கி, இழுத்து இழுத்து நின்றால் பெட்ரோல் பக்கம் பாருங்கள்.

நின்றவுடன், பாதுகாப்பான இடமாக இருந்தால், ஏர் கிளீனரைத் திறந்து கார்பரேட்டரின் வாய்க்குள் பார்த்தபடி ஆக்சிலரேட்டர் லிவரைக் கையால் இழுங்கள். பெட்ரோல் பீச்சினால் கிண்ணத்தில் சரக்கு இருக்கிறது. அப்போது பாயிண்ட் இடைவெளி, கண்டன்சர், காயில், ரோட்டார் என்று வரிசையாகப் பாருங்கள். அவையெல்லாம் நன்றாக இருந்தால் மெயின் ஜெட்டில் தூசி இருக்கலாம். அப்போதும் வேலை ஜெட்டைக் கழற்றி ஊதுவதுதான், கார்பரேட்டரையே மாற்றுவது அல்ல. லிவரை இழுத்தும் ஒரு சொட்டு வரவில்லையா? தொட்டியிலிருந்து கிண்ணம் வரை உள்ள வழியில் தேடுங்கள். சூட்டில் பைப்புக்குள் பெட்ரோல் ஆவியாவதும் உண்டு. ஃப்யூயல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டதும் கிளம்பினால் அதுதான்.

மறுநாள் இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது, பொறி வராதபடி காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, கார்பரேட்டருக்குப் போகும் குழாயைப் பிடுங்கி ஒரு பாட்டிலுக்குள் விட்டேன். மகன் செல்ஃப் அடித்தான். முதல் நாலைந்து துடிப்பு நன்றாக வந்தது. பிறகு நூல் மாதிரி மெலிந்தது. எல்லோரும் உடனே “பம்ப் போச்சு” என்பார்கள். அவசரப்படாமல் பம்ப்பின் உறிஞ்சும் பக்கக் குழாயைக் கழற்றி, ஒரு பெட்ரோல் கேனுக்குள் நேராக விட்டேன். பீறிட்டு அடித்தது. அப்படியானால் பம்ப் நல்லது. வியாதி பம்ப்புக்குப் பின்னால், தொட்டிப் பக்கம்.

டிக்கிக்குக் கீழே, தொட்டியையும் இரும்புக் குழாயையும் இணைக்கும் அரை அடி ரப்பர் ஹோஸ். வெளியே பார்த்தால் புதுசு மாதிரி. நீளவாக்கில் அறுத்தேன். உள் ரப்பர் ஊறி உப்பி, வெந்த தக்காளித் தோல் மாதிரி உரிந்து நின்றது. பம்ப் மெல்ல உறிஞ்சினால் வழி விடும். பலமாக உறிஞ்சினால் அந்தத் தோல் மடங்கிக் கதவைச் சாத்திவிடும். எத்தனாலுக்குத் தாங்கும் புது ஹோஸ் 180 ரூபாய்.

இந்த இடத்தில் நண்பர்கள் பலர் துள்ளிக் குதிப்பார்கள். “பார்த்தீர்களா, எல்லாம் எத்தனாலால் வந்த வினை!” பெட்ரோலில் எத்தனால் 2022-ல் 10 சதவீதத்தைத் தொட்டது, 2025-ல் 20 ஆனது. பழைய ரப்பருக்கும் அதற்கும் ஒத்துவராது என்பது உண்மைதான். ஆனால் அந்த ஹோஸை நான் கடைசியாக எப்போது மாற்றினேன்? எனக்கே ஞாபகம் இல்லை. வருடா வருடம் பாலிஷ் போட்டேன், சீட் கவர் மாற்றினேன். டிக்கிக்கு அடியில் குனிந்து பார்த்ததில்லை. அரசாங்கத்தைத் திட்டுவதற்கு முன் நானும் என்னை நாலு வார்த்தை திட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இப்போது அந்த இளைஞர்கள் பக்கம். புது ஹோஸ் போட்டபின் மூன்றாவது இடத்து இளைஞரிடம் போய் நடந்ததைச் சொன்னேன், சண்டைக்கல்ல. அவர் சிரிக்கவில்லை. “சார், ரெண்டு மணி நேரம் செக் பண்ணி 180 ரூபா ஹோஸ்தான் குத்தம்னு சொன்னா, நீங்க எனக்கு எவ்வளவு குடுத்திருப்பீங்க?” என்று கேட்டார். நான் வாயடைத்துப் போனேன். உண்மையைச் சொன்னால், 300 ரூபாய் கேட்டிருந்தாலே “ஒரு டியூப் மாட்டவா இவ்வளவு?” என்று பேரம் பேசியிருப்பேன். 6,500 ரூபாய் கார்பரேட்டருக்கு மட்டும் பேரம் பேசவில்லை. டப்பாவில் புது சாமான் கண்ணுக்குத் தெரிந்ததே!

கோளாறே இங்கேதான். நாம் சாமானுக்குப் பணம் கொடுக்கிறோம், யோசனைக்குக் கொடுப்பதில்லை. அதனால் யோசிக்கத் தெரிந்தவரும் சாமான் விற்கிறார். டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதினால் மறுபேச்சு பேசாமல் கட்டுகிறோம். மெக்கானிக் அளந்து பார்க்க ஒரு மணி நேரம் கேட்டால் ஏமாற்றுகிறார் என்கிறோம். பிறகு கைவேலை தெரிந்தவன் இல்லை, காலம் கெட்டுவிட்டது என்று திண்ணையில் உட்கார்ந்து புலம்புகிறோம்.

அதனால் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு என் கோரிக்கை இரண்டு. அடுத்த முறை மெக்கானிக்கிடம் போகும்போது “எதை மாத்தணும்?” என்று கேட்காதீர்கள். “எப்படித் தெரிஞ்சுது?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவருக்கு, எதையும் மாற்றாவிட்டாலும், கேட்ட கூலியைக் கொடுங்கள்.

நானும் கொடுத்தேன். அந்த இளைஞரிடம் பாயிண்ட் இடைவெளி, கம்ப்ரஷன், பிரேக் எல்லாவற்றையும் அளந்து எழுதித் தரச் சொல்லி 800 ரூபாய் கொடுத்தேன். தேய்ந்துவிட்டது என்றாரே, அந்த நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று அதிக வித்தியாசம் இல்லாமல் நன்றாகவே இருந்தன. அவரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஹேண்ட் பிரேக் கேபிளையும் மாற்றினார். அது உண்மையிலேயே மாற்ற வேண்டிய சாமான்.

அடுத்த மாதம் நாலு பேராக ஏற்காடு போனோம். இருபது வளைவும் நிற்காமல் ஏறியது. ஏழாவது வளைவில் மட்டும் மனைவி பேச்சை நிறுத்தி, கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். வளைவு தாண்டியதும் விட்டுவிட்டாள்.

கழற்றிப்போட்ட பழைய கார்பரேட்டர் அலமாரியில் இருக்கிறது. அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. வரும் வாரம் துடைத்து மறுபடி மாட்டப் போகிறேன்.