விருந்தினருக்கு மூச்சுப் பயிற்சி

தில்லியில் நான் ஆய்வு மேற்கொள்ளும் பல்கலைக்கழகத்தில் தேர்வு நெருங்கும் வேளையில் ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது: ஆசிரியர்களுக்கான மனநலப் பயிலரங்கம், சனிக்கிழமை பிற்பகல், வருகை கட்டாயம். மூச்சுப் பயிற்சியும் உண்டாம்.

எங்கள் துறையில் ஏறக்குறையப் பாதி வகுப்புகளை நடத்துவோர் விருந்தினர் ஆசிரியர்கள். (தமிழகத்தில் இவர்களே கௌரவ விரிவுரையாளர்கள். பெயர் சூட்டுவதில் மட்டும் எங்கும் குறை வைப்பதில்லை.) பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் வகுத்தபடி வகுப்பொன்றுக்கு 1,500 ரூபாய், மாதத்திற்கு 50,000 ரூபாய்க்கு மிகாமல். நிரந்தர உதவிப் பேராசிரியருக்குரிய வாரம் 16 மணி நேரக் கற்பித்தலை இவர்கள் ஏற்றால், மூன்றாம் வாரத் தொடக்கத்திலேயே அந்த உச்சவரம்பு வந்துவிடும். அதன்பின் நடத்துவதெல்லாம் இலவசம். அக மதிப்பீட்டுத் தாள் திருத்துவதற்கு எங்கள் துறையில் தனியே ஊதியமில்லை. விடுமுறைக்கும் இல்லை.

சென்ற பருவத்தில் காய்ச்சலோடு வகுப்பெடுத்த ஆசிரியர் ஒருவரிடம், ஓய்வெடுக்கலாகாதா என்று கேட்டேன். “இன்று இரண்டு வகுப்பு, தம்பி. ஓய்வெடுத்தால் மூவாயிரம் போய்விடும்” என்றார். அவருக்கா மூச்சுப் பயிற்சி?

ஒப்பந்த நியமனம் மொத்தப் பணியிடங்களில் 10 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்றது 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை. 2025இல் வெளியான வரைவோ அந்த வரம்பையே கைவிட்டது. நோயை வளர்ப்பவர்களே மருத்துவம் பேசுவதை எவ்வாறு பொறுப்பது? காலியிடங்களை நிரப்புங்கள், நிரப்பும்வரை நோய்விடுப்புக்கேனும் ஊதியம் கொடுங்கள்.

சனிக்கிழமைப் பயிலரங்கில் கழியும் நேரத்திற்கு விருந்தினர் ஆசிரியருக்கு ஊதியம் உண்டா என்று அலுவலகத்தில் விசாரித்தேன். சுற்றறிக்கையில் அதுபற்றி ஒன்றுமில்லை என்றனர்.