மணிமுடி மன்னிக்கும்வரை

விடுமுறைக்கு வந்திருந்த அண்ணன் மகள் ஊருக்குக் கிளம்பும் முன், மேசையில் கிடந்த மெய்ப்புத் தாள்களின் மேல் மூன்று தடித்த நாவல்களை வைத்தாள். பதினைந்து வயதுப் பெண். "அத்தை, நீங்க இத படிக்கணும். முடிக்கிற வரைக்கும் எங்கிட்ட எதுவும் கேக்கக் கூடாது. நானும் சொல்ல மாட்டேன்." பல கை மாறிய புத்தகங்கள், முதுகு மடிந்து வெளுத்திருந்தது. பக்க ஓரங்களில் மெல்லிய பென்சில் கோடுகள். அழகான வரிகளாகப் பார்த்துக் கோடு போட்டிருப்பாள் என்று நினைத்தேன். ஆனால் கோடு விழுந்திருந்தவை பெரும்பாலும் சாதாரண உரையாடல்கள். காரணம், இரண்டாம் நாவலின் கடைசிப் பக்கங்களைத் தாண்டிய பிறகுதான் விளங்கியது.

அமெரிக்க எழுத்தாளர் ஹோலி பிளாக்கின் 'தி ஃபோக் ஆஃப் தி ஏர்' என்ற வரிசை அது. 'தி க்ரூயல் பிரின்ஸ்' 2018இல் வந்தது; 'தி விக்கெட் கிங்', 'தி குவீன் ஆஃப் நத்திங்' இரண்டும் 2019இல். பதின்பருவத்தினருக்கான காதலும் மாயமும் கலந்த புனைவு என்று கடைகளில் தனித் தட்டில் அடுக்குகிறார்கள். சிற்றிதழ்க்காரர்கள் அந்தத் தட்டின் பக்கம் போவதில்லை. பெண்பிள்ளைகள் இரவெல்லாம் விழித்துப் படிக்கும் எதையும் இலக்கியம் என்று எண்ணிப் பார்க்காத பழக்கம் நம்மிடம் ஊறியிருக்கிறது. ரமணிசந்திரனைப் படித்த இரண்டு தலைமுறைப் பெண்களிடம் அவர்கள் எதைப் படித்தார்கள், எப்படிப் படித்தார்கள் என்று நாம் கேட்டதே இல்லை. அந்தத் தவறை இன்னொரு முறை செய்ய வேண்டாம் என்பதற்காகவே இந்தத் தலையங்கம்.

முதலில் ஒரு சொல்லைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இந்த நாவல்கள் நடப்பது ஃபேரிகளின் உலகில். ஃபேரி என்பதைத் தமிழில் தேவதை என்று எழுதிப் பழகிவிட்டோம். அந்தச் சொல்லைக் கேட்டதும் வெள்ளை உடையும் சிறகும் மந்திரக்கோலும் கண்முன் வருகின்றன. ஃபேரிகள் அப்படிச் சிறுத்துப்போனது பிற்காலத்தில்தான். 1904இல் மேடையேறிய 'பீட்டர் பான்' நாடகத்தில் டிங்கர் பெல் துள்ளித் திரியும் ஒரு சின்ன வெளிச்சப் புள்ளியாக வந்தாள். 1917இல் இங்கிலாந்தின் காட்டிங்லி கிராமத்தில் எல்சி, பிரான்சஸ் என்ற இரண்டு சிறுமிகள் காகிதத்தில் வெட்டிய உருவங்களை நிறுத்திப் புகைப்படம் எடுத்தார்கள். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயிலே அவற்றை நம்பி எழுதினார். சிறகு முளைத்த குட்டிப் பெண்கள் என்றால் உலகம் நம்புவதற்குத் தயாராக இருந்தது.

அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் நாட்டார் மக்கள் அறிந்த ஃபேரிகள் வேறு. அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். 'நல்லவர்கள்' என்பார்கள், 'நல்ல அண்டைவீட்டார்' என்பார்கள். நாகத்தை நல்ல பாம்பு என்று சொல்லும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எது கொல்லுமோ அதற்குத்தான் அப்படி நல்ல பெயர் வைப்போம். ஆபர்ஃபாயில் ஊரின் பாதிரியார் ராபர்ட் கிர்க் 1691 வாக்கில் இவர்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அடுத்த ஆண்டு அவர் இறந்தபோது, ஃபேரிகள்தான் அவரைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று ஊர் பேசியது. ஹோலி பிளாக்கின் ராஜ்யத்துக்கு எல்ஃபேம் என்று பெயர். 16ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் சூனியக்காரர்கள் என்று பிடித்து விசாரிக்கப்பட்டவர்களின் வாக்குமூலங்களில் எல்ஃபேம் அரசி வருகிறாள். அந்தப் பழைய அச்சத்தைத்தான் இந்த நாவல்கள் மீட்டுக் கொண்டுவருகின்றன.

நம்மிடம் இதற்கு நெருங்கிய சொல் அணங்கு. அழகும் வருத்தமும் ஒன்றாய்த் தங்கிய சொல். திருக்குறளின் காமத்துப்பால் தொடங்கும் 109ஆம் அதிகாரத்துக்கே 'தகையணங்குறுத்தல்' என்று பெயர்; எதிரே கண்டவள் அணங்கோ என்ற ஐயத்தில்தான் அங்கே காதல் பிறக்கிறது. இருந்தாலும் அந்த மண்ணின் பொருளை நம் சொல்லுக்குள் முழுக்க அடைக்க முடியாது. ஃபேரி என்றே எழுதுகிறேன். படிப்பவர் காதில் அணங்கு என்று விழட்டும்.

கதை ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் தொடங்குகிறது. அமெரிக்காவின் ஒரு சாதாரணத் தெருவில் ஒரு சாதாரண வீடு. ஏழு வயது ஜூட், மைக்ரோவேவில் சூடாக்கியதால் நமுத்துப்போன மீன் துண்டுகளைக் கெச்சப்பில் இழுத்துத் தின்றுகொண்டிருக்கிறாள். நீண்ட கறுப்புக் கோட்டு அணிந்த ஒருவன் வாசலில் வந்து நிற்கிறான். அவன் மேடாக், எல்ஃபேமின் படைத்தலைவன். ஜூடின் தாய் முன்பு அவன் மனைவியாக இருந்தவள்; தான் இறந்துவிட்டதாக நம்பவைத்துத் தப்பி வந்தவள். பிள்ளைகளின் கண்முன்னே தாயையும் தந்தையையும் அவன் வெட்டிக் கொல்கிறான். பிறகு தன் மகள் விவியனோடு, தனக்குப் பிறக்காத ஜூட், டேரின் என்ற இரட்டையர்களையும் எல்ஃபேமுக்குக் கொண்டுபோய்ச் சொந்தப் பிள்ளைகளாக வளர்க்கிறான். அவனுடைய நியாயத்தில் அது கடமை.

இந்த மூன்று நாவல்களிலும் என்னை அதிகம் உலுக்கியது காதல் அல்ல, இந்தத் தகப்பன்தான். மேடாக் நல்ல தகப்பன். வாள் பிடிக்கக் கற்றுத் தருகிறான்; எதிரி அடுத்து என்ன செய்வான் என்று யோசிக்கப் பழக்குகிறான்; பிள்ளைகளை யாராவது இழிவாகப் பேசினால் கொதிக்கிறான். பெற்றவர்களைக் கொன்ற அதே கைதான் சோறு போட்டு வளர்க்கிறது. ஜூட் அவனை வெறுக்கிறாள்; அவன் ஒரு சொல் மெச்சிவிட மாட்டானா என்று ஏங்கவும் செய்கிறாள். இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வளர்வதை ஹோலி பிளாக் எந்தச் சமாதானமும் சொல்லாமல் எழுதிப் போகிறார். வீட்டுக்குள்ளேயே வன்முறையைப் பார்த்து வளரும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். 'அப்பாவை எனக்குப் பிடிக்கும், அப்பாவைக் கண்டால் பயம்' என்று ஒரே மூச்சில் சொல்ல அவர்களுக்கு ஒரு கதை வேண்டியிருக்கிறது. அறிவுரை நூல் எதுவும் அந்த வேலையைச் செய்யாது.

எல்ஃபேமில் ஒரு விதி உண்டு. ஃபேரிகளால் பொய் சொல்ல முடியாது. மனிதர்களால் முடியும். சாகாவரமும் மாயமும் அழகும் கொண்டவர்கள் நடுவே, சாகக்கூடிய ஒரு பெண்ணுக்கு இருக்கும் ஒரே ஆயுதம் பொய். உணவில் உப்பைச் சேர்த்துக்கொள்கிறாள், மயக்கு வித்தை தீண்டாமலிருக்க. நஞ்சைத் துளித்துளியாகத் தின்று உடம்பைப் பழக்குகிறாள். ஒற்றர் வேலை செய்கிறாள். பள்ளியில் தன்னைச் சித்திரவதை செய்த இளவரசன் கார்டன், ஓராண்டும் ஒரு நாளும் அவள் சொல்லுக்குக் கட்டுப்படுவதாக அவன் வாயாலேயே வாக்கு வாங்கி, அவனுக்கே தெரியாமல் அவனை அரியணையில் ஏற்றுகிறாள்.

பொய் சொல்லும் பெண்ணைக் கதாநாயகி ஆக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் பிரிட்ஜெட் கிளியரியை நினைத்துப் பார்க்க வேண்டும். அயர்லாந்தின் டிப்பரரி மாவட்டத்துப் பெண். தையல் வேலை செய்து சொந்தமாகச் சம்பாதித்தவள். 1895 மார்ச்சில் அவள் நோயில் படுத்தபோது, இது என் மனைவி அல்ல, ஃபேரிகள் அவளைக் கொண்டுபோய் மாற்று உருவை வைத்துவிட்டார்கள் என்றான் கணவன் மைக்கேல். உறவினர்கள் பிடித்துக்கொள்ள, கசப்பு மூலிகைகளைப் புகட்டி, நீ பிரிட்ஜெட்தானா என்று மீண்டும் மீண்டும் கேட்டார்கள். அவள் தான் பிரிட்ஜெட்தான் என்றாள். கணவன் அவளை அடுப்படியில் எரித்துக் கொன்றான். நீதிமன்றம் அவனுக்கு இருபது ஆண்டு தண்டனை விதித்தது. உண்மையைச் சொன்னவளை அந்த உண்மை காப்பாற்றவில்லை. ஏன் என்றால் அவள் யார் என்று தீர்மானிக்கும் உரிமை அவளிடம் இல்லை. ஜூடின் பொய்யை அந்த அடுப்படியின் பக்கத்தில் வைத்துப் படித்தால், அதன் கனம் வேறு.

பொய் சொல்ல முடியாதவர்கள் நேர்மையானவர்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தத் தொடரின் உயிர் அங்கேதான் இருக்கிறது. உண்மையை மட்டுமே பேசி ஊரையே கவிழ்க்க அவர்களால் முடியும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வேறொரு உண்மையைச் சொல்வார்கள். 'அதை நான் செய்வேன் என்றா நினைக்கிறாய்' என்று கேட்பார்கள். மறுத்தது போலிருக்கும், மறுத்திருக்க மாட்டார்கள். வாக்குக் கொடுக்கும்போது ஒரு சொல்லைத் தளர்வாக விட்டுவைப்பார்கள். பின்னால் அந்தச் சந்து வழியாக வெளியேறுவார்கள். ஆகவே படிப்பவள் ஒவ்வொரு வாக்கியத்தையும் தட்டிப் பார்த்துத்தான் தாண்ட வேண்டும். இவன் என்ன சொன்னான்? எதைச் சொல்லாமல் விட்டான்?

இப்போது பென்சில் கோடுகளுக்கு வருகிறேன். கதையின் முடிச்சைச் சொல்லாமல் இதைச் சொல்ல வழியில்லை. படிக்க எண்ணியிருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். இரண்டாம் நாவலின் இறுதியில் ஜூடும் கார்டனும் சாட்சி யாருமின்றி மணம் முடிக்கிறார்கள். அவனைக் கட்டிய வாக்கிலிருந்து அவள் அவனை விடுவிக்கிறாள். பிறகு அவன், கடலரசியின் முன்னிலையில், அவளை நாடுகடத்துகிறான்: மணிமுடி மன்னிக்கும்வரை அவள் எல்ஃபேமில் கால்வைக்கக் கூடாது. துரோகம் என்று நெஞ்சு எரியப் புத்தகத்தை மூடினேன். ஜூடும் அப்படியே நினைத்து, மனித உலகில் விவியனின் குடியிருப்பில் முடங்கிக் கிடக்கிறாள். நிபந்தனையை மீறி அண்ணன் மகளுக்கு ஃபோன் போட்டேன். "அத்தை, அந்த வரிய இன்னொரு தடவ படிங்க. அவன் 'நான்'னு சொல்லல, கவனிச்சீங்களா?" எடுத்துப் பார்த்தேன். அந்த வரியின் அடியில் கோடு இருந்தது. ஓரத்தில் சின்ன எழுத்தில்: 'இப்ப மணிமுடி யாரு?' அரசனை மணந்தவள் அரசி. மணிமுடி அவளும்தான். தன்னைத் தானே மன்னித்துக்கொண்டு அன்றைக்கே திரும்பியிருக்கலாம். சொல்லால் பிழைக்கும் ஜூட் அந்தச் சொல்லைக் கவனிக்கவில்லை. சொற்களைத் திருத்துவதே தொழிலாய் இருக்கும் நானும் கவனிக்கவில்லை. ஒரு பத்தாம் வகுப்பு மாணவி கவனித்திருக்கிறாள்.

இதற்குத்தான் வாசிப்பு என்று பெயர். நாம் கூட்டம் போட்டு, பயிலரங்கு நடத்திக் கற்றுத்தர முயல்வது இதைத்தான். வீட்டுப் பெரியவர் சொல்லும் 'உன் நல்லதுக்குத்தான்' என்ற வார்த்தையை, காதலிப்பதாகச் சொல்லும் பையனின் குறுஞ்செய்தியை, மேடையில் விழும் வாக்குறுதியை அதே பென்சிலோடு அவள் படிப்பாள் என்பது என் நம்பிக்கை.

பெற்றோர் சிலரின் கவலை எனக்குத் தெரியும். கொடுமைப்படுத்தியவனையே காதலிப்பதா? நியாயமான கேள்வி, அதை மழுப்ப மாட்டேன். கார்டனின் கொடுமைக்குப் பின்னால் கவனிப்பாரற்ற பிள்ளைப்பருவத்தை வைத்திருப்பது, பணக்கார வீட்டு முரட்டுப் பையன்களுக்குக் கதைகள் எப்போதும் கொடுக்கும் சலுகை. மூன்றாம் நாவல் பல இடங்களில் அவசரப்படுகிறது. இவை குறைகள்தான். ஆனாலும் இந்தக் காதல் எங்கே போய் முடிகிறது என்று பார்க்க வேண்டும். சாபத்தால் கார்டன் பெரும் பாம்பாகிறான். மாயக் கடிவாளம் ஒன்று ஜூடின் கைக்கு வருகிறது. அதை மாட்டினால் பாம்பு என்றைக்கும் அவள் சொன்னபடி கேட்கும், அவள் ஆளலாம். 'டாம் லின்' என்ற பழைய ஸ்காட்டியக் கதைப்பாடலில் ஜேனட், பாம்பாகவும் பழுக்கக் காய்ச்சிய இரும்பாகவும் மாறும் காதலனை விடாமல் இறுகப் பிடித்து மீட்கிறாள். ஹோலி பிளாக் அதைத் திருப்பிப் போடுகிறார். முதல் நாவலில் அவனைச் சொல்லால் கட்டிய ஜூட், இங்கே கட்ட மறுத்துப் பாம்பின் தலையை வெட்டுகிறாள். கார்டனை இழந்துவிட்டோம் என்று எண்ணித்தான் வெட்டுகிறாள். அவன் மீள்கிறான். அடக்கி வைத்துக்கொள்வது அன்பாகாது என்பதை அவள் அந்த வெட்டில்தான் கற்கிறாள். பதினைந்து வயதில் இதைப் படித்தவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

தமிழில் சிறுவர்களுக்கு எழுதுகிறோம், பெரியவர்களுக்கு எழுதுகிறோம். பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வரை உள்ளவர்களுக்கு நாம் கொடுப்பது பெரும்பாலும் தேர்வு வழிகாட்டியும் முன்னேற்ற நூலும். அந்த வயதின் கோபத்தையும் ஆசையையும் பயத்தையும் மதித்து எழுதிய நாவல்களை விரல்விட்டு எண்ணலாம். அதனால் அவர்கள் ஆங்கிலத்துக்குப் போகிறார்கள். போகட்டும், தடுப்பது நம் வேலையில்லை. அவர்கள் அங்கே என்ன கண்டார்கள் என்று தமிழில் நம்மிடம் சொல்ல ஓர் இடமாவது இருக்க வேண்டும்.

அடுத்த இதழிலிருந்து நான்கு பக்கங்களை அவர்களுக்கு ஒதுக்குகிறோம். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் தாங்கள் படித்த எந்தக் கதையைப் பற்றியும் எழுதலாம். அட்டையைப் பார்த்து எதையும் தள்ள மாட்டோம். பெரியவர் பெயர் தேவையில்லை, முன்னுரை தேவையில்லை. எழுத்துப்பிழையைத் திருத்துவோம், கருத்தைத் தொட மாட்டோம்.

மூன்று புத்தகங்களையும் அவளுக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். அவள் விட்டுச்சென்ற பென்சில் மட்டும் என்னிடம் இருக்கிறது. இந்த இதழின் மெய்ப்பை அதை வைத்துத்தான் பார்த்தேன், ஒவ்வொரு வரியையும் இரண்டாம் தடவை.