தூண்களும் பின்கட்டும்

கட்டிடத்தை உருவமாக மட்டுமே பார்க்க வேண்டும், சரித்திரத்தை உள்ளே இழுப்பது கட்சிக்காரர்கள் வேலை என்றொரு வாதம் நம் வட்டத்தில் நடமாடுகிறது. உதாரணத்துக்கு மிஸிஸிப்பியின் லஃபாயெட் கௌண்டியைக் காட்டுகிறார்கள். ஃபாக்னரின் பிரதேசம், வெள்ளைத் தூண் வைத்த வீடுகள், பழைய தேவாலயங்கள். சரி, அதையே எடுத்துக்கொள்வோம்.

ஃபாக்னர் 1930ல் வாங்கி ரோவன் ஓக் என்று பெயரிட்ட வீட்டை 1840களில் கட்டுவித்தவர் ராபர்ட் ஷீகாக் என்ற தோட்ட முதலாளி. முகப்பில் கிரேக்கப் பாணித் தூண்கள். பின்னால், வீட்டோடு ஒட்டாமல், செங்கல்லில் ஒரு சமையற்கட்டு. தீ பயம், வெக்கை என்று காரணம் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அக்காலத்தில் இத்தகைய வீடுகளில் அடுப்படியில் நின்றவர்கள் அடிமைகள். அவர்களுடைய நடமாட்டம் யஜமானின் கூடத்துக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. இந்த இடைவெளி உள்ளடக்கமா, உருவமா? இதைவிட ஸ்தூலமான உருவம் எது?

உள்நாட்டுப் போருக்கு முந்தைய தென்மாநில ஆலயங்கள் பலவற்றில் அடிமைகளுக்கென்று மேலே தனி மாடம் உண்டு. ஒரே கூரை, ஒரே பிரசங்கம், இரண்டு தளம். அதை நேர்த்தியான மரவேலை என்று மட்டும் வியக்கிறவர் உருவத்தைப் பார்க்கவில்லை. உருவத்தில் பாதியைப் பார்க்கிறார். சரித்திரத்தை நான் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. தச்சனே அதைக் கட்டி வைத்திருக்கிறான்.

1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகளுக்குத் தனி அட்டவணை. யஜமானின் பெயர், அதன் கீழ் வயது, பால், நிறம். அடிமையின் பெயருக்குக் கலம் கிடையாது. இந்தக் கௌண்டியின் ஜனங்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படித்தான் பதிவானார்கள். நான் வங்கியில் லெட்ஜர் எழுதிப் பிழைக்கிறவன். கணக்குத் தொடங்கப் பெயர் வேண்டும். அடகு நகைக்குப் பெயர் வேண்டாம், எடை போதும். இது உவமை இல்லை. லூயிஸியானாவில் அடிமைகளையே ஈடாக வாங்கிய வங்கிகள் இருந்தன. அவற்றின் வாரிசான நியூயார்க் வங்கி ஒன்று 2005ல் ஒப்புக்கொண்ட தொகை ஏறத்தாழ 13,000 பேர்.

ஃபாக்னரைத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொள்வதுதான் இவர்களுடைய பெரிய அபத்தம். அடிமையாய்ப் பிறந்த கரோலின் பார் ரோவன் ஓக்கின் பின்புறக் குடிலில் வாழ்ந்து 1940ல் இறந்தார். 1942ல் வந்த 'கோ டவுன், மோஸஸ்' அவருக்குச் சமர்ப்பணம். அந்தப் புத்தகத்தின் மையத்தில் தூண்கள் இல்லை. ஒரு வாலிபன் தன் குடும்பத்தின் பழைய லெட்ஜர்களைப் புரட்டுகிறான். பிழையான எழுத்துக்களில், துண்டு துண்டான பதிவுகளில், தாத்தாவின் பாவம் வெளிப்படுகிறது. கணக்குப் பதிவையே ஃபாக்னர் உருவமாக்கிவிட்டார். நம் உருவவாதிகள் உருவத்துக்காகவாவது அந்தப் பக்கங்களைப் படிக்கட்டும். பிறகு தூண்களைப் பற்றிப் பேசலாம்.