கையெழுத்துக்கு முன் வாசிப்போம்

ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டபோது ஊருக்கே வேலை கிடைக்கும் என்று நம்பினோம். ஆனால் வாயிலில் மணல் சேர்ந்து படகுகளே போய்வர முடியாத காலமும் வந்தது. நம் நானாமார் வேலை தேடிக் கத்தாருக்குப் போகிறார்கள்.

களஞ்சியசாலையில் பெக்கிங் வேலைக்குப் பெரிய சான்றிதழ் தேவையில்லை. புதிதாகப் போகிறவருக்கு அது ஒரு நல்ல தொடக்கம். அதில் இழிவும் இல்லை. ஆனால் அதற்காகப் பல வீடுகளில் உம்மாவின் நகை அடகுக்குப் போகிறது. ஒப்பந்தத்தை மட்டும் யாரும் வாசிப்பதில்லை.

கத்தார் சட்டப்படி ஆட்சேர்ப்புக் கட்டணத்தைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது. 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் மாதம் 1000 ரியால். தங்குமிடம் கொடுக்காவிட்டால் 500 ரியாலும், சாப்பாடு கொடுக்காவிட்டால் 300 ரியாலும் மேலதிகமாகக் கொடுக்க வேண்டும். இவ்வளவு தெரிந்தாலே ஏஜென்ட் சொல்லும் கணக்கை வீட்டிலிருந்தே சரிபார்க்கலாம்.

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்கிறது. எழுதியதை வாசிக்காவிட்டால் பயன் என்ன? உயர்தரம் படிக்கும் தங்கைமார் வீட்டுக்கு வீடு இருக்கிறோம். நகையைக் கழற்றிக் கொடுக்கும் உம்மாவுக்கு ஒப்பந்தத்தைக் கேட்கும் உரிமை உண்டு. அவருக்கு அதை வரிவரியாக வாசித்துக் காட்டுவது நம் பொறுப்பு.