வாரிசுக்குக் கிடைத்த அவகாசம்

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து அணிகள் ஆண்டுதோறும் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு 'டிராஃப்ட்' என்று பெயர். 2024-இல் அவ்வாறு தேர்வான 58 பேரில், முதலாவதாக அழைக்கப்பட்டவரைவிட 55-ஆவதாக அழைக்கப்பட்டவரே அதிகம் விவாதிக்கப்பட்டார். அவர் பிரானி ஜேம்ஸ். கூடைப்பந்து வரலாற்றின் தலைசிறந்த வீரர்களுள் ஒருவரான லெப்ரான் ஜேம்ஸின் மூத்த மகன். அவரைத் தேர்ந்தெடுத்தது, தந்தை ஆடிவந்த லாஸ் ஏஞ்சலீஸ் லேக்கர்ஸ் அணி.

'வாரிசு' என்ற ஒரே சொல்லில் இந்த விவாதத்தைப் பலர் முடித்துவிடுகிறார்கள். உண்மையில் இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அந்த இளைஞரிடம் தொழில்முறை வீரராகும் திறன் இருக்கிறதா என்பது ஒன்று; அவர் தேர்வான விதம் நியாயமா என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்குப் புள்ளிவிவரங்கள் சாதகமாக இல்லை. தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழக அணிக்காக 25 ஆட்டங்களில் அவர் எடுத்தது சராசரியாக 4.8 புள்ளிகள். டிராஃப்டுக்கு முந்தைய அளவீட்டில் காலணியின்றி அவரது உயரம் 6 அடி 1½ அங்குலம். தந்தையின் உயரம் 6 அடி 9 அங்குலம். ஆனால், அந்தப் பருவத்துக்கு முன்பு 2023 ஜூலையில், பயிற்சியின்போது அவருக்கு இதயத்துடிப்பு நின்றுபோனது. பிறவி இதயக் குறைபாடு கண்டறியப்பட்டு, சிகிச்சை பெற்று, டிசம்பரில்தான் அவர் களத்துக்குத் திரும்பினார். அந்த 25 ஆட்டங்களை மட்டும் வைத்து ஒரு வீரரை எடைபோடுவது முறையன்று.

மேலும், 55-ஆவது இடம் என்பது பெரிய பரிசும் அன்று. அந்தக் கட்டத்தில் தேர்வாகிறவர்களில் பலர் என்.பி.ஏ.வில் நிலைப்பதில்லை. விதிவிலக்குகளும் உண்டு: 1999-இல் 57-ஆவதாகத் தேர்வான மனு ஜினோபிலி நான்கு முறை கோப்பை வென்றார், 2011-இல் கடைசி இடமான 60-ஆவதாகத் தேர்வான ஐசையா தாமஸ் இரு முறை நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார்.

இரண்டாவது கேள்விதான் கனமானது. மகனுடன் ஒரே அணியில் ஆட வேண்டும் என்ற விருப்பத்தை லெப்ரான் மறைத்ததில்லை. அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டிய வேளையில்தான் லேக்கர்ஸ் மகனைத் தேர்ந்தெடுத்தது. அத்துடன் நிற்கவில்லை. அந்த இடத்தில் தேர்வாகும் வீரருக்குப் பெரும்பாலும் குறைந்த ஊதியமுள்ள, எளிதில் ரத்து செய்யக்கூடிய ஒப்பந்தமே கிடைக்கும். பிரானிக்கோ சுமார் 79 லட்சம் டாலர் மதிப்பிலான நான்கு ஆண்டு ஒப்பந்தம் கிடைத்தது. ஓர் அணியில் முழு ஒப்பந்தத்துக்கு உரிய இடங்கள் 15 மட்டுமே. அவற்றுள் ஒன்று வாரிசுக்குப் போகும்போது, பின்புலமில்லாத இன்னோர் இளைஞர் வெளியே நிற்கிறார். அவருடைய பெயரை எந்த விவாதமும் உச்சரிப்பதில்லை.

2024 அக்டோபர் 22 அன்று தந்தையும் மகனும் ஒன்றாகக் களமிறங்கினர், என்.பி.ஏ. வரலாற்றில் அதுவே முதல்முறை. ஆனால், முதல் பருவத்தின் 27 ஆட்டங்களில் மகனின் சராசரி 2.3 புள்ளிகள்தான். அதே பருவத்தில், வளரும் வீரர்களுக்கான 'ஜி லீக்' போட்டியில் அவர் ஓர் ஆட்டத்தில் 39 புள்ளிகள் குவித்தார். திறன் அறவே இல்லாதவருக்கு இது கைகூடாது; ஆனால், அத்திறன் முதிர்வதற்கு ஆண்டுகள் தேவை.

பிரானிக்குப் பெயர் பெற்றுத் தந்தது அந்த ஆண்டுகளைத்தான். பந்தைக் கூடைக்குள் செலுத்த எந்தப் பெயராலும் முடியாது. தடுமாறிக் கற்றுக்கொள்ளும் அவகாசத்தை மட்டுமே அது வாங்கித் தரும். அந்த அவகாசத்துக்காக ஓர் இளைஞரை ஏளனம் செய்வதில் பொருளில்லை. அதை வழங்கியது அணி நிர்வாகம். அதே பொறுமையை, பெயரில்லாத மற்றோர் 55-ஆவது வீரருக்கும் காட்டுவீர்களா என்று அந்த நிர்வாகத்தைத்தான் கேட்க வேண்டும்.