இயந்திர ஓசை இழிந்ததா?

இயந்திரத்தின் ஓசையில் இன்பம் காண்பவன் ரசனையற்றவன் என்று நம்மவருள் கற்றார் சிலர் கூறி வருகின்றனர். யாழும் குழலுமே செவிக்கு உணவென்பது அவர் துணிபு. ‘டக்’கென ஒலிக்கும் என்பதற்காகவே ஒரு விசைப்பலகையைத் தேடி வாங்கும் இளைஞரைக் கண்டால் அவர் எள்ளி நகையாடுவர். இந்நகைப்பில் நியாயம் உண்டா?

தோழர்களே! பூட்டின் தாழ் விழும் ஓசையும், பேனாவின் மூடி பொருந்தும் ஓசையும் இனிப்பது ஏன்? சுருதி கூடியிருப்பதாலா? அன்று. செய்த செயல் முடிந்தது என்று அவை சான்று பகர்கின்றன. அதனால் மனம் நிறைகிறது.

தட்டெழுத்துப் பொறியை நோக்குங்கள். வரி முடியச் சில எழுத்துகள் எஞ்சியிருக்கும்போதே மணி ஒலிக்கும். கண் பிரதியிலேயே இருக்க, கிராணியின் கை நெம்புகோலுக்குச் செல்லும். மலாயா, சிங்கப்பூர்ப் பகுதியில் எழுத்தராய்ப் பணியாற்றிய யாழ்ப்பாணத் தமிழர் ஆர். முத்தையா, தமிழ்த் தட்டெழுத்துப் பொறியை அமைத்தபோது ‘நகரா விசை’யை வகுத்தார். புள்ளியை அடித்தால் உருளை நகராது. எழுத்தையும் அடித்த பின்னரே நகரும். அடி இரண்டு, நகர்வு ஒன்று. நம் மொழியின் மெய்யெழுத்துக்கே அங்கு ஒரு தாளம் பிறந்தது! இதனை இரைச்சல் என்பார் தமிழையும் அறியார், தொழிலையும் அறியார்.

1985ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ‘மாடல் எம்’ விசைப்பலகையில் ஒவ்வொரு விசையின் கீழும் ஒரு சுருள்வில் உண்டு. அழுத்தம் ஓர் எல்லையைக் கடந்ததும் வில் சட்டென மடியும். ஓசையும் அம்மடிப்பால் எழும். எழுத்தும் அம்மடிப்பாலேயே பதியும். கண்ணாடித் திரையில் எழும் ‘டக்’ ஒலியோ அத்தகையதன்று. அங்கு மடிவதொன்றுமில்லை, ஒலிபெருக்கி நடிக்கிறது. செயற்கை ஒலி யாவும் பொய் என்பேனல்லேன். மின்சாரக் கார்கள் மெல்லச் செல்கையில் ஒலியெழுப்ப வேண்டுமென 2021 முதல் ஐரோப்பிய ஒன்றியம் எல்லாப் புதிய கார்களுக்கும் விதித்துள்ளது. அவ்வொலி, ‘வண்டி வருகிறது, விலகு’ என்னும் மெய்யை வழிநடப்போனுக்கு உரைக்கிறது.

அங்ஙனமாயின் செம்பனை ஆலையின் பேரோசையையும் போற்றுவோமோ? ஒருக்காலும் இல்லை! நம் கை கேட்டுப் பெறும் ஓசை வேறு. நம் காதின்மேல் சுமத்தப்படும் ஓசை வேறு. “நாளடைவில் பழகிவிடும்” என்று ஆறுதல் கூறுவோர் உளர். பழகுவதன்று அது, செவி சாவது! பேரோசையால் செத்த உட்செவி நுண்மயிர் மீண்டும் முளைப்பதில்லை. மலேசியாவின் 2019ஆம் ஆண்டு விதிகள், எட்டு மணி நேர வேலை நாளுக்கு 85 டெசிபல் என்று எல்லை வகுத்துள்ளன. அதனைக் கடந்த இடத்தில் செவிக்காப்புத் தருவதும் செவிப் பரிசோதனை செய்விப்பதும் முதலாளியின் கடமை. அது சலுகையன்று, சட்டம்.

ஒரு விசையின் சிற்றொலிக்கு முகஞ்சுளிக்கும் பண்டிதர்களே! ஆலையில் செவி இழப்போனுக்காக நீங்கள் என்றேனும் வாய் திறந்ததுண்டா? உழைப்பவன் கையில் பிறக்கும் ஓசையை இழித்தீர். அவன் காதைக் கெடுக்கும் ஓசையைக் கண்டும் காணாதிருந்தீர். உங்கள் ரசனை யாருக்கு வேண்டும்?

தொழிலாளத் தோழனே, செவிக்காப்பைக் கேட்டுப் பெறு. பெற்றதைத் தவறாது அணி. மாலையில் வீடு திரும்பித் தாழிடும்போது, அந்தச் சிறு ஓசை உன் காதில் விழ வேண்டும்.