பத்தில் ஒரு நொடி



புது ஆத்துல தண்ணி வந்துட்டா, பாலத்துல இருந்து குதிக்காத புள்ளைங்க நம்ம பக்கம் உண்டா? ஆனா அதுல எத்தனை பேர் போட்டி வரைக்கும் போறாங்க?

நெய்வேலியில் வளர்ந்தவர் சாஜன் பிரகாஷ். அம்மா சாந்திமோள் தடகள வீராங்கனை, என்.எல்.சி.யில் பணியாற்றியவர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீந்தினார் சாஜன். பிறகு கழுத்து டிஸ்க் விலகி, வலியோடு போராடி மீண்டு வந்தார். 2021 ஜூன் 26, ரோம். 200 மீட்டர் பட்டர்ஃபிளை. ஒலிம்பிக் நேரடித் தகுதிக்குத் தேவை 1 நிமிடம் 56.48 நொடி. அவர் முடித்தது 1 நிமிடம் 56.38 நொடி! அந்தத் தகுதியை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர்.

அந்தப் பத்தில் ஒரு நொடியைப் பிடிக்க வருஷம் முழுக்க தண்ணி வேணும். நம்ம ஆறு? ஜூன் 12 மேட்டூர் திறந்து ஜனவரி 28 மூடினா, மிச்ச மாசம் கிரிக்கெட் கிரவுண்டு!

அதனால கேட்கிறோம்: ஒரத்தநாட்டுக்கு 50 மீட்டர் நீச்சல்குளம், நிரந்தரப் பயிற்சியாளர், அரசுப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கட்டணமில்லாப் பயிற்சி. ரிப்பன் வெட்டிட்டுப் பூட்டிப் போடுற குளம் வேண்டாம்.

நம்ம புள்ளைங்களுக்கு நீந்தத் தெரியும். நேரத்தை அளந்து சொல்ல ஆள்தான் இல்லை. பகிருங்கள்!

#ஒரத்தநாட்டுக்கு_நீச்சல்குளம்